கஞ்சா, மாநிலச் சட்டம், விசா: அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் ஒரு இமிக்ரேஷன் வக்கீலின் அலுவலகத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். நான் வக்கீல் இல்லை. கோப்புகளைத் தயார் செய்வதும் கோர்ட் காகிதங்களைத் தேடி வாங்குவதும் என் வேலை. தமிழ் பேசுவேன் என்று தெரிந்ததால் அலுவலகம் மூடிய பிறகும் போன் வரும். மாணவர்கள், ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள், ஊரிலிருந்து பதறிப் பேசும் அப்பா அம்மா என்று எல்லோரும் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான். அதில் பாதி, காரியம் கைமீறிய பிறகு வருகிறது. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதி வைக்கிறேன்.

கேள்விகளை அவர்கள் கேட்டபடியே தந்திருக்கிறேன். உங்கள் வழக்குக்கு உங்கள் வக்கீல் சொல்வதுதான் பதில். அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

அக்கா, நியூ ஜெர்சியில கஞ்சா லீகல்தானே? கடையில பில் போட்டே விக்கிறாங்களே?

மாநிலச் சட்டப்படி ஆமாம். 2020 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு ஏற்றார்கள், 2021 பிப்ரவரியில் சட்டம் வந்தது, 2022 ஏப்ரல் 21 அன்று கடைகள் திறந்தன. 21 வயது நிரம்பியவர் ஆறு அவுன்ஸ் வரை கையில் வைத்திருக்கலாம். கலிஃபோர்னியா 1996-லேயே மருந்தாக அனுமதித்தது, 2016-ல் பொதுப் பயன்பாட்டுக்கும் திறந்துவிட்டது. கொலராடோவும் வாஷிங்டனும் 2012-ல் முதலில் கதவைத் திறந்தவை. 2023 நவம்பரில் ஒஹாயோ சேர்ந்தபோது அப்படிப்பட்ட மாநிலங்கள் 24 ஆகிவிட்டன.

ஆனால் நீங்கள் ஒரே நேரத்தில் இரண்டு அரசுகளின் கீழ் வாழ்கிறீர்கள். ஃபெடரல் அரசின் (மத்திய அரசின்) 1970-ஆம் வருடத்துப் போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து மிகக் கடுமையான முதல் அட்டவணையில் வைத்தது. எந்த மாநிலம் எந்தச் சட்டம் போட்டாலும் அது ரத்தாகாது. மாநிலச் சட்டம் சொல்வதெல்லாம் "எங்கள் போலீஸ் இதற்காக உங்களைப் பிடிக்காது" என்பது மட்டும்தான். உங்கள் விசா, கிரீன் கார்டு, குடியுரிமை மூன்றும் இருப்பது ஃபெடரல் அரசின் கையில். அந்த பில்லை வைத்து அங்கே எந்தப் பாதுகாப்பும் கேட்க முடியாது.

ஃபெடரல்லயும் மாத்தப் போறாங்கன்னு நியூஸ்ல வந்துச்சே?

கஞ்சாவை மூன்றாம் அட்டவணைக்கு மாற்றலாம் என்று 2024 மே மாதம் நீதித்துறை முன்மொழிந்தது. அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுப் பலர் நிம்மதியடைந்தார்கள். இமிக்ரேஷன் சட்டமோ எண்ணைப் பார்ப்பதில்லை. அட்டவணை ஒன்றிலிருந்து ஐந்து வரை எதில் இருந்தாலும் அது "கட்டுப்படுத்தப்பட்ட பொருள்"தான். ஒன்றிலிருந்து மூன்றுக்கு இறக்கினாலும் இந்தப் பக்கத்தில் உள்ள பதில்கள் அப்படியே நிற்கும்.

இங்கே வாங்கினதை டெக்சாஸ் ஃப்ரெண்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா என்ன ஆகும்?

முதலில், மாநில எல்லையைத் தாண்டுவதே ஃபெடரல் குற்றம். இரண்டு பக்கமும் அனுமதி இருந்தாலும் அப்படித்தான். நியூ ஜெர்சியிலிருந்து நியூயார்க்குக்குப் பாலத்தில் எடுத்துப் போனாலும் சட்டம் அதேதான். விமான நிலையத்தில் சோதனை செய்பவர்கள் கஞ்சாவைத் தேடுவதில்லை. ஆனால் கண்ணில் பட்டால் போலீசிடம் சொல்வார்கள்.

அப்புறம் டெக்சாஸ். அங்கே இரண்டு அவுன்ஸுக்குள் இருந்தாலே 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். ஜார்ஜியாவில் ஒரு அவுன்ஸ் வரை என்றால் ஒரு வருடம் வரை சிறை, 1,000 டாலர் வரை அபராதம். முதல் முறை பிடிபட்டவருக்கு முழுத் தண்டனை அபூர்வம்தான். ஆனால் நம்மவர்களைப் பாதிப்பது சிறை நாட்கள் இல்லை, கோர்ட் பதிவேட்டில் ஏறும் அந்த ஒரு வரி. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

தேசியப் பூங்காக்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யோசெமிட்டி கலிஃபோர்னியாவில் இருந்தாலும் அது ஃபெடரல் நிலம். அங்கே ரேஞ்சர் எழுதும் சீட்டு ஃபெடரல் வழக்கு.

அது வெறும் கம்மி மிட்டாய்தான் மேடம், இலை கூட இல்ல. அதுக்குமா கேஸ்?

டெக்சாஸில் இலையைவிட மிட்டாய்தான் ஆபத்து. அடிக்கடி போன் வருவதும் இதற்காகத்தான். பொடியாகவோ இலையாகவோ இருந்தால் அது "மரிஹுவானா", சிறிய அளவு என்றால் மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்றம். அதிலிருந்து பிரித்தெடுத்த டிஹெச்சி (போதை தரும் பொருள்) எண்ணெய், வேப் பேனா, கம்மி எல்லாம் வேறு பிரிவில் வருகின்றன. அங்கே ஒரு கிராமுக்குக் குறைந்தாலும் ஃபெலனிதான், அதாவது பெருங்குற்றம். 180 நாளிலிருந்து இரண்டு வருடம் வரை சிறை.

இதைவிட மோசமானது எடை போடும் முறை. டெக்சாஸ் சட்டம் உள்ளே இருக்கும் போதைப்பொருளை மட்டும் எடை போடுவதில்லை. கலந்திருக்கும் சர்க்கரை, ஜெலட்டின் எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. கலிஃபோர்னியாக் கடையில் விற்கும் ஒரு பாக்கெட்டில் பத்து மிட்டாய் இருக்கும், மொத்தம் நூறு மில்லிகிராம் டிஹெச்சி. தராசில் அந்த மிட்டாய்கள் முப்பது நாற்பது கிராம் காட்டும். நான்கு கிராமிலிருந்து 400 கிராம் வரை என்றால் இரண்டாம் நிலை ஃபெலனி, இரண்டிலிருந்து இருபது வருடம் வரை சிறை. ஓக்லண்டில் இருபது டாலர் கொடுத்து வாங்கியது டாலஸில் காரின் கதவு இடுக்கில் கிடந்தால் இந்தக் கணக்கில்தான் வரும்.

கார்ல நாலு பேர் இருந்தோம். பொட்டலம் என்னோடது இல்ல. எனக்கு எதுக்கு கேஸ் போட்டாங்க?

யாருடையது என்று யாரும் சொல்லாவிட்டால் எல்லோர் மேலும் போட முடியும். உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது, அது அங்கே இருப்பது உங்களுக்குத் தெரியும் என்று அரசுத் தரப்பு காட்டப் பார்க்கும். ஒரே காரில் வெறுமனே உட்கார்ந்திருந்ததை மட்டும் வைத்துக் குற்றத்தை நிரூபித்துவிட முடியாது. அதனால் இப்படிப்பட்ட வழக்குகள் பல தள்ளுபடியாகின்றன. அதற்குள் கைரேகை எடுத்துவிடுவார்கள் என்பதுதான் சிக்கல். அது ஏன் சிக்கல் என்பதை "வழக்குத் தள்ளுபடி" கேள்வியில் பாருங்கள்.

நண்பனைக் காப்பாற்ற "எல்லாம் என்னுடையதுதான்" என்று ஒருவர் பொறுப்பேற்பதும் உண்டு. பெரும்பாலும் அது விசாவில் இருக்கும் பையனாகவே இருப்பான், நண்பன் குடியுரிமை உள்ளவனாக இருப்பான். அந்த நல்ல மனதுக்கு இந்தச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை.

வக்கீல் "ஒத்துக்கோ, ஃபைன் கட்டிட்டு வீட்டுக்குப் போயிடலாம்"னு சொல்றார். ஒத்துக்கலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். இமிக்ரேஷன் வக்கீல் ஒருவர் அந்தக் குற்றச்சாட்டின் சட்டப் பிரிவு எண்ணைப் பார்த்துச் சொல்லும் வரை எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கிரிமினல் வக்கீலின் கண்ணில் 300 டாலர் அபராதம் என்பது வெற்றி. இமிக்ரேஷன் சட்டத்தின் கண்ணில் அதுவே போதைப்பொருள் குற்றத் தீர்ப்பு. சிறை போகவில்லை, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஹோசே பாடியா வழக்கைச் சொல்வேன். ஹோண்டுராஸில் பிறந்தவர். நாற்பது வருடத்துக்கு மேல் கிரீன் கார்டோடு வாழ்ந்தவர், வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். கென்டக்கியில் லாரியில் கஞ்சா கொண்டுபோனதாகப் பிடிபட்டார். இவ்வளவு காலம் இங்கே இருக்கிறீர்கள், இமிக்ரேஷனைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார் வக்கீல். அதை நம்பி ஒப்புக்கொண்டார். நாடுகடத்தல் கதவைத் தட்டியது. 2010 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: ஒப்புக்கொள்வதால் நாடுகடத்தப்படும் அபாயம் உண்டென்றால் அதைக் கட்சிக்காரரிடம் சொல்ல வேண்டியது கிரிமினல் வக்கீலின் கடமை. ஆகவே உங்கள் வக்கீலிடம் "நான் குடியுரிமை உள்ளவன் இல்லை, இதனால் என் விசாவுக்கு என்ன ஆகும், எழுத்தில் சொல்லுங்கள்" என்று கேட்பது உங்கள் உரிமை. கூச்சப்படாதீர்கள்.

பல நேரம் நல்ல வழி ஒன்று இருக்கும். பொருளின் பெயரே வராத வேறு சிறிய குற்றத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அல்லது எதையும் ஒப்புக்கொள்ளாமலே வகுப்பு, சமூக சேவை முடித்து வழக்கை மூடிக்கொள்ளலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டால்தான் இது நடக்கும்.

ஜட்ஜ் தீர்ப்பே எழுதல. ஒரு வருஷம் ஒழுங்கா இருந்தா கேஸே இல்லைன்னு சொன்னாங்க. அப்போ நான் குற்றவாளி இல்லதானே?

மாநிலத்தின் கணக்கில் இல்லை. இமிக்ரேஷன் சட்டத்தில் "தீர்ப்பு" என்ற சொல்லுக்குத் தனி வரையறை இருக்கிறது. நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி ஏதாவது ஒரு தண்டனையோ கண்காணிப்போ விதித்திருந்தால் போதும். தீர்ப்பை நிறுத்திவைத்திருந்தாலும் அது தீர்ப்புத்தான். டெக்சாஸில் அடிக்கடி கொடுக்கும் "டிஃபர்டு அட்ஜூடிகேஷன்" இந்த வலையில் நேராக விழுகிறது.

ஜார்ஜியாவில் நடந்த மான்க்ரீஃப் வழக்கு இதற்கு உதாரணம். மூன்று வயதில் ஜமைக்காவிலிருந்து வந்தவர். காரில் 1.3 கிராம் கஞ்சா இருந்தது. முதல் குற்றம் என்று தீர்ப்பை நிறுத்திவைத்து ஐந்து வருடக் கண்காணிப்பு கொடுத்தார்கள். ஃபெடரல் அரசு அதையே "கொடுங்குற்றம்" என்று சொல்லி நாடுகடத்தப் பார்த்தது. 2013-ல் சுப்ரீம் கோர்ட் அது கொடுங்குற்றம் ஆகாது என்றது. ஆனாலும் போதைப்பொருள் குற்றம் என்ற முத்திரை விலகவில்லை. தங்கவிடும்படி நீதிபதியிடம் விண்ணப்பிக்கும் வாய்ப்புத்தான் கிடைத்தது.

30 கிராம் வரைக்கும் பிரச்சினை இல்லைன்னு ரூம்மேட் சொல்றான். உண்மையா?

பாதி உண்மை. சொந்தப் பயன்பாட்டுக்காக 30 கிராம் அல்லது அதற்குக் குறைவான கஞ்சா வைத்திருந்தது, அதுவும் ஒரே ஒரு தடவை என்றால், அதை மட்டும் வைத்து உங்களை நாடுகடத்த முடியாது. ஒரு அவுன்ஸ் என்பது 28 கிராமுக்குக் கொஞ்சம் மேல். ஆக இந்த விலக்கு ஒரு அவுன்ஸுக்குத்தான் காணும். நியூ ஜெர்சி அனுமதிக்கும் ஆறு அவுன்ஸ் 170 கிராம், நியூயார்க்கின் மூன்று அவுன்ஸ் 85 கிராம். மாநிலம் சரி என்று சொல்லும் அளவுக்கும் இந்த 30 கிராமுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இரண்டாவது வழக்கு வந்தால் விலக்கு போய்விடும். விற்பனை, விற்கும் நோக்கம் என்று எழுதியிருந்தால் ஒரு கிராமுக்கும் விலக்கு கிடையாது.

அப்போ 20 கிராம் கேஸ் முடிஞ்சுது, நாடுகடத்த மாட்டாங்க. தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிட்டு வரலாமா?

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். உள்ளே இருப்பவரை வெளியேற்றும் விதி வேறு, வெளியிலிருந்து வருபவரை உள்ளே விடும் விதி வேறு. மேலே சொன்ன 30 கிராம் விலக்கு முதலாவதில்தான் தானாகக் கிடைக்கும். இரண்டாவதில் கிடையாது. ஹெச்-1பியில் இருப்பவர் சென்னைக்குப் போய்ப் புது விசா ஸ்டாம்பிங்குக்கு நின்றால் அதே 20 கிராம் வழக்கைக் காட்டி விசாவை மறுக்கலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவரையும் திரும்பி வரும்போது, புதிதாக நுழைபவரைப் போல நடத்த இந்தக் குற்றம் வழிசெய்கிறது.

விலக்கு மனுக்கள் இருக்கின்றன. தற்காலிக விசாக்காரருக்கு ஒரு வகை, கிரீன் கார்டுக்கு வேறு வகை. கிரீன் கார்டு வகை 30 கிராமுக்கு உட்பட்ட ஒற்றை வழக்குக்கு மட்டும்தான். அதற்கும் குடும்பத்தினர் படும் துன்பத்தைக் காட்டுவது போன்ற நிபந்தனைகள் உண்டு. எல்லாவற்றுக்கும் காலம் பிடிக்கும். ஒரு பையன் அப்பாவின் காரியத்துக்குப் போக முடியாமல் எங்கள் அலுவலகத்து நாற்காலியில் உட்கார்ந்து போனில் சடங்கைப் பார்த்தான். ஐயர் சொல்லச் சொல்ல, எதிரே இருந்த தண்ணீர்க் குவளையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டே இருந்தான். டிக்கெட் போடுவதற்கு முன்னால் கேளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அதனால்தான்.

என் கேஸைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க. இனிமே எங்கேயும் சொல்ல வேண்டாம்ல?

சொல்ல வேண்டும். டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம் "எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா" என்று கேட்கிறது, தண்டனை பெற்றீர்களா என்று மட்டும் கேட்கவில்லை. கைரேகை எஃப்பிஐ கோப்பில் இருக்கிறது. "இல்லை" என்று டிக் செய்தால் சின்ன வழக்கு மோசடி வழக்காக மாறும். பொய்த் தகவலுக்கான தடைக்குக் காலாவதி கிடையாது.

கைதை மட்டும் வைத்துக்கூட பாஸ்போர்ட்டில் உள்ள விசாவை ரத்து செய்ய முடியும். குறிப்பாகப் போதையில் வண்டி ஓட்டிய கைது என்றால் மின்னஞ்சலில் ரத்துக் கடிதம் வரும். கஞ்சா போதையும் அதில் சேர்த்தி. விசா ரத்தானாலும் உள்ளே இருக்கும்வரை உங்கள் அந்தஸ்து பொதுவாகத் தொடரும், வெளியே போனால் புது விசா வேண்டும். 2025 வசந்தத்தில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் சேவிஸ் (மாணவர் விசா அந்தஸ்தைக் காட்டும் அரசுக் கணினி) பதிவுகளையே மூடினார்கள். அதில் பலருக்கு இருந்தது தள்ளுபடியான சிறு வழக்கும் போலீஸ் சீட்டும்தான். கோர்ட்டுகளில் வழக்குகள் குவிந்த பிறகு ஏப்ரல் கடைசியில் பதிவுகளைத் திரும்பத் திறந்தார்கள். நடுவில் இருந்த அந்த மூன்று நான்கு வாரத்தில் பயத்திலேயே மூட்டை கட்டியவர்களும் உண்டு.

எக்ஸ்பஞ்ச் பண்ணிட்டா? ஜனாதிபதியே மன்னிப்பு குடுத்தாரே?

மாநிலப் பதிவேட்டிலிருந்து அழிப்பது வேலைக்கும் வீட்டு வாடகைக்கும் நல்லது. இமிக்ரேஷனுக்கு அது அழியாது. 1999-லேயே குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் அப்படி முடிவு செய்துவிட்டது. இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கோப்பை அழித்த பிறகு, வழக்கு எப்படி முடிந்தது என்று காட்ட உங்களிடமே காகிதம் இருக்காது. முத்திரையிட்ட நகல்கள் மூன்று நான்கு வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் அழிக்க மனுப் போடுங்கள்.

ஜனாதிபதி பைடன் 2022 அக்டோபரில் கொடுத்த மன்னிப்பு ஃபெடரல் சட்டத்தின் கீழும் வாஷிங்டன் டிசி சட்டத்தின் கீழும் கஞ்சா வைத்திருந்த குற்றத்துக்கு மட்டும். அது குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும்தான். ஹெச்-1பி, எஃப்-1 (மாணவர் விசா) அதில் இல்லை. மாநில வழக்குகளும் இல்லை.

வேறு கதை, வழக்கிலேயே சட்டப் பிழை இருந்தது என்று நிரூபித்துத் தீர்ப்பை ரத்து செய்வது. பாடியா வழக்குக்குப் பிறகு அந்த வழி பலருக்குக் கைகொடுத்திருக்கிறது.

என்னை யாரும் பிடிக்கவே இல்ல. காலேஜ்ல ரெண்டு தடவை இழுத்திருக்கேன், அவ்வளவுதான். விசா மெடிக்கல்ல டாக்டர் கேட்டா உண்மையைச் சொல்லலாமா?

வழக்கே இல்லாமல் வாய்ச்சொல்லாலேயே மாட்டிக்கொள்ளும் வழி இது. போதைப்பொருள் சட்டத்தை மீறியதாக நீங்களே ஒப்புக்கொண்டால், தண்டனை பெற்றவரைப் போலவே நுழைவை மறுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. பிலிப்பைன்ஸில் ஒருவர் விசா மருத்துவப் பரிசோதனையின்போது டாக்டரிடம் கஞ்சா புகைத்ததைச் சொன்னார். அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டதை 2002-ல் ஒன்பதாவது சர்க்யூட் என்ற ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சரி என்றது. அது போக, மருத்துவர் தனியாக "போதைப் பழக்கம் உள்ளவர்" என்று குறித்தால் பொதுவாக 12 மாதம் பழக்கம் இல்லாமல் இருந்து காட்டிய பிறகுதான் திரும்ப வரலாம்.

பொய் சொல்லச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. பொய்க்கு என்ன விலை என்பதை மேலே சொன்னேன். பரிசோதனைக்கும் நேர்காணலுக்கும் போவதற்கு முன்னால் வக்கீலிடம் உட்கார்ந்து, உங்கள் விஷயத்தில் சட்டம் எதைக் குற்றம் என்கிறது, எந்தக் கேள்விக்கு என்ன உண்மையான பதில் என்று பேசிவிட்டுப் போங்கள். ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ள, அதிகாரி அந்தக் குற்றத்தின் கூறுகளை உங்களுக்குப் புரியும்படி விளக்கியிருக்க வேண்டும் என்ற பழைய விதியும் இருக்கிறது. கேட்காத கதையை நாமாக அவிழ்க்க வேண்டாம். போனில் கடையில் எடுத்த படங்களும் "நேத்து செம" என்ற வாட்ஸப் செய்திகளும் எல்லையில் அதிகாரி கையில் போனதும் உண்டு.

நான் கஞ்சாவைத் தொட்டதே இல்ல. கஞ்சா விக்கிற டிஸ்பென்சரிக்கு ஆப் எழுதற கம்பெனியில வேலை கிடைச்சிருக்கு. சேரலாமா?

கடைக்குள் நின்று விற்பவர், வளர்ப்பவர், பொட்டலம் போடுபவர் என்றால் பதில் தெளிவு: வேண்டாம். மாநில உரிமம் இருந்தாலும் கஞ்சாத் தொழிலில் வேலை செய்தவருக்கு "நல்லொழுக்கம்" இல்லை என்று குடியுரிமையை மறுக்கலாம் என 2019 ஏப்ரலில் குடிவரவுத் துறை எழுத்திலேயே சொல்லிவிட்டது. கடத்தலில் பங்கு இருக்கலாம் என்று "நம்பக் காரணம்" இருந்தாலே விசாவை மறுக்கும் பிரிவும் உண்டு. அதற்குக் கைதோ வழக்கோ தேவையில்லை. அந்தப் பணத்தில் வாழ்ந்த மனைவி, பிள்ளைகளையும் அது தொடலாம்.

ஆப் எழுதுவது, கணக்கு பார்ப்பது போன்றவை செடியிலிருந்து எத்தனை தூரம் என்பதைப் பொறுத்தது. ஹெச்-1பி மனுவிலேயே நிறுவனத்தின் தொழிலை எழுத வேண்டியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். என்னைக் கேட்டால், வேறு வேலை கிடைக்கும் கைத்தொழில் இருக்கும்போது இதில் இறங்க வேண்டாம்.

நான் டொரண்டோ. எங்களுக்கு 2018-லேயே லீகல். பஃபலோ வழியா அக்கா வீட்டுக்கு வரும்போது கேப்பாங்களா?

கேட்கலாம். கனடா 2018 அக்டோபர் 17 முதல் அனுமதித்தது. ஆனால் எல்லையை எந்தப் பக்கம் தாண்டினாலும் எடுத்து வரக்கூடாது, கனடாச் சட்டமும் அதைத் தடுக்கிறது. கனடாவின் சட்டபூர்வத் தொழிலில் வேலை செய்பவர் அதற்குச் சம்பந்தமில்லாத காரியத்துக்கு வந்தால் பொதுவாக விடுவோம் என்று அமெரிக்க எல்லைத் துறை அந்த மாதமே அறிவித்தது. தொழில் விஷயமாக வந்தால் விடாமல் போகலாம். ஸ்கார்பரோவிலிருந்து வருபவர்களுக்கு நான் சொல்வது, புறப்படும் முன் காரைச் சுத்தமாகத் துடையுங்கள், போன வாரம் யாரை ஏற்றினீர்கள் என்று யோசியுங்கள்.

கிரீன் கார்டு வாங்கி ஆறு வருஷம் ஆச்சு. பழைய கேஸ் ஒண்ணு இருக்கு. சிட்டிசன்ஷிப்புக்குப் போடலாமா?

வக்கீல் கோப்பைப் பார்க்காமல் போடாதீர்கள். என்-400 (குடியுரிமை விண்ணப்பம்) போட்டால் பழைய கைரேகை எல்லாம் எழுந்து வரும். நாடுகடத்தக்கூடிய குற்றம் ஒன்று உள்ளே இருந்தால், விண்ணப்பத்தின் மூலம் நீங்களே அதை எடுத்துக் கொடுத்ததாக ஆகும். 30 கிராமுக்கு உட்பட்ட ஒற்றை வழக்கு என்றால் வழி இருக்கிறது. வழக்கே இல்லாவிட்டாலும், பிடிபடாமல் செய்த குற்றம் ஏதாவது உண்டா என்று அந்தப் படிவம் கேட்கிறது. கிரீன் கார்டை வைத்துக்கொண்டு கடையில் வாங்குபவர்கள் இதை யோசிப்பதில்லை. குடியுரிமை உறுதிமொழி எடுக்கும் நாள் வரை தொடாமல் இருங்கள்.

என் பையனுக்கு 16 வயசு. ஸ்கூல் பையில வேப் பேனா கிடைச்சிருக்கு. அவனோட ஹெச்-4 (என் ஹெச்-1பியோட வந்த பிள்ளைங்க விசா) போயிடுமா?

அம்மாக்கள் அழுதுகொண்டே கேட்பது இது, கொஞ்சம் ஆறுதல் சொல்ல முடிவதும் இதற்குத்தான். சிறார் நீதிமன்றத்தில் முடியும் வழக்கு இமிக்ரேஷன் கணக்கில் தண்டனைத் தீர்ப்பு ஆகாது. வழக்கைப் பெரியவர்கள் கோர்ட்டுக்கு மாற்றாமல் சிறார் கோர்ட்டிலேயே முடிக்கப் பாருங்கள். "விற்றான்" என்ற சொல் எங்கேயும் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நண்பனிடம் பத்து டாலர் வாங்கியதைக்கூட அப்படி எழுதிவிடுவார்கள், அதன் விளைவு வேறு. பள்ளியில் நீங்கள் இல்லாமல் பையனிடம் வாக்குமூலம் எழுதி வாங்க விடாதீர்கள்.

அப்புறம், அவனை அடிக்காதீர்கள். அந்த வாரம் அவன் உங்களிடம் பேசுவதுதான் வழக்குக்கே முக்கியம்.

அம்மாவுக்கு மூட்டு வலி. கஞ்சாச் செடியிலருந்து எடுக்கிற சிபிடி எண்ணெயும் ரெண்டு பாக்கெட் கம்மியும் ஊருக்குக் குடுத்து அனுப்பலாமா?

வேண்டாம். 2018 விவசாயச் சட்டம் 0.3 சதவீதத்துக்கு மேல் டிஹெச்சி இல்லாத ஹெம்ப் (கஞ்சா வகைச் செடி) பொருட்களை அமெரிக்காவில் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கியது. அது அமெரிக்காவுக்குள் மட்டும். லேபிளில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்கும் என்ற நிச்சயமும் இல்லை. இந்தியாவில் 1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டம் இறக்குமதியைத் தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரியிடம் "கலிஃபோர்னியாவில் லீகல் சார்" என்று சொல்லிப் பயனில்லை.

சிங்கப்பூர் வழியாகப் போகும் டிக்கெட் என்றால் இன்னும் மோசம். அங்கே 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தலுக்கு மரண தண்டனை. 2023 ஏப்ரலில் தங்கராஜு சுப்பையா என்ற தமிழர் ஒரு கிலோ கஞ்சா வழக்கில் தூக்கிலிடப்பட்டார். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அமெரிக்காவில் பயன்படுத்திவிட்டுத் திரும்பினாலும் அங்கே குற்றம்தான். அம்மாவுக்கு வலி என்றால் ஊரில் டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்லுங்கள்.

அக்கா, இப்பத்தான் தம்பியைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. முதல்ல என்ன பண்றது?

அவன் போன் செய்தால், நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச விடாதீர்கள். சிறையிலிருந்து வரும் அழைப்புகள் பதிவாகும், தமிழில் பேசினாலும்தான். "வக்கீல் வேண்டும்" என்று மட்டும் போலீசிடம் சொல்லச் சொல்லுங்கள். பெயர், முகவரி சரியாகச் சொல்லட்டும். எந்த ஊரில் பிறந்தாய், எப்படி இங்கே வந்தாய் என்ற கேள்விகளுக்கும் வக்கீல் வந்த பிறகு பதில் சொல்லலாம். வண்டியைச் சோதிக்கச் சம்மதம் கேட்டால் மரியாதையாக மறுக்கலாம்.

ஜாமீன் கட்டுவதற்கு முன் இமிக்ரேஷன் வக்கீலை அழையுங்கள். சில கவுண்டிகளில் ஜாமீன் கட்டியவுடன் வெளியே விடாமல் குடிவரவுக் காவலுக்கு மாற்றிவிடுகிறார்கள். அப்புறம் அவனுடைய பாஸ்போர்ட், ஐ-94 (நுழைவுப் பதிவு), ஐ-20 (மாணவர் சான்று) அல்லது ஐ-797 (மனு ஒப்புதல் கடிதம்), இவற்றைப் படம் எடுத்து ஒரே உறையில் வையுங்கள். போலீஸ் கொடுத்த சீட்டில் குற்றப் பிரிவு எண் இருக்கும், அதையும் சேருங்கள். என்ன பொருள், எத்தனை கிராம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். வக்கீல் கேட்கும் முதல் இரண்டு கேள்வி அவைதான். வழக்கு முடியும் நாளன்று கிளார்க் ஜன்னலில் நின்று, முத்திரையிட்ட இறுதி ஆணையின் நகல் ஐந்து கேளுங்கள். ஒரு நகலுக்குச் சில டாலர்தான் ஆகும். பத்து வருடம் கழித்து அதே காகிதத்தைத் தேடி அந்த கவுண்டிக்கு நான் எழுதும்போது, "அந்தக் கோப்பு இப்போது இல்லை" என்று பதில் வந்திருக்கிறது.